எந்த வகுப்புக்கு ஆசிரியர்? பி.எட். சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பட்டப்படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் பி.எட். சேர்வது பற்றியதாகவே இருக்கிறது. யோசனையில் குற்றமில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து நடக்கும் விசாரணை முழுவதும் எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், மன்னார்குடியிலிருந்து பேருந்து உண்டா என்பதோடு நின்றுவிடுகிறது. எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு ஆசிரியராகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தப் பணியிடத்துக்கு என்னென்ன தகுதி கேட்கிறார்கள் என்று பின்னோக்கிப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் வருபவை.

முதல் தவறு, பி.எட். முடித்தால் எந்த வகுப்புக்கும் ஆசிரியராகலாம் என்று நம்புவது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான இடைநிலை ஆசிரியர் பணிக்கு உரிய படிப்பு, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் படிக்கும் தொடக்கக் கல்விப் பட்டயம். மன்னார்குடியிலும் குருக்கத்தியிலும் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அதற்கானவை. பி.எட். முடித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூன் மாதத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது உண்மை. அந்த அறிவிப்பு செல்லாது என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று உறுதி செய்துவிட்டது. சிறு குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் அறிமுகப்படுத்துவது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆகவே சின்னப் பிள்ளைகளோடு இருக்கத்தான் விருப்பம் என்பவர் பட்டப்படிப்புக்கும் பி.எட்.டுக்குமாக ஐந்து ஆண்டுகளைச் செலவிட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வது பெரிய இழப்பு. மாறாக, உயர்நிலை வகுப்புகளில் பாடம் நடத்துவதே நோக்கம் என்று பிளஸ் டூவிலேயே தெளிவாக இருப்பவர், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டமும் பி.எட்.டும் ஒன்றாக இணைந்த நான்காண்டுப் படிப்பு இருப்பதையும், அதற்குத் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதையும் அப்போதே அறிந்திருந்தால் ஓராண்டு மிச்சமாகும்.

இரண்டாவது தவறு இன்னும் நுணுக்கமானது. இதில் மாட்டிக்கொள்பவர்கள் பல ஆண்டுகள் கழித்தே அதை உணர்கிறார்கள். பள்ளியில் இருக்கும் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று பழைய பெயர்களில் இருக்கின்றன. கல்லூரிகளோ ஆண்டுதோறும் புதுப் பெயர்களில் பட்டப்படிப்புகளைத் தொடங்குகின்றன. பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயர் பள்ளிப் பாடத்தின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பட்டம் இந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இந்த இணைத்தன்மை குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட பட்டத்துக்கு என்று தனித்தனியாக வழங்கப்படுவது. "எங்கள் கல்லூரியில் இதே பட்டத்தோடு முன்பும் சேர்த்திருக்கிறோம்" என்று சேர்க்கை மேசையில் சொல்லப்படும் உறுதிமொழி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு காசுக்கும் பெறாது. வணிகவியல், பொருளியல் படித்தவர்களின் நிலை வேறு: அப்பாடங்கள் மேல்நிலை வகுப்புகளில் மட்டுமே இருப்பதால் பி.எட். சேர்வதற்கே முதுகலைப் பட்டம் தேவை. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் இங்கே வழியில்லை.

மதிப்பெண் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்பது குறைந்தபட்ச வரம்பு. ஓரிரு மதிப்பெண் குறைந்தால் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று யாரேனும் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். தமிழ்நாட்டின் பி.எட். கல்லூரிகள் 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. அதற்கு மேலாகத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பதும், முன்பு எப்போதோ வாங்கிய அங்கீகார ஆணையின் சட்டமிட்ட நகலைச் சுவரில் பார்த்துவிட்டு நிறைவடைவதும் தவறு. நாம் சேரும் ஆண்டில், நாம் சேரும் படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி இருக்கிறது என்பதைக் குழுமத்தின் இணையதளத்திலும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்வது அரை மணி நேர வேலை. ஒரத்தநாட்டில் அரசு கல்வியியல் கல்லூரி இருப்பது இந்தப் பகுதிக்குக் கிடைத்த வாய்ப்பு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் இடங்கள் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. அந்த விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டுவிட்டுச் சுயநிதிக் கல்லூரியில் பல மடங்கு கட்டணம் கட்டுபவர்களில் பலர் மதிப்பெண் இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள்.

வருகைப் பதிவைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு எல்லாவற்றையும் விட ஆபத்தானது. தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, வெளிமாநிலக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஆள்பிடிக்கும் இடைத்தரகர்கள் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை இருக்கிறார்கள். குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயம். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்துவிட்டால் வருகைத் தொல்லை இல்லை என்று கருதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொலைநிலை பி.எட்., பயிற்சி பெற்றுத் தொடக்க வகுப்புகளில் பணியாற்றிவரும் ஆசிரியர்களுக்கும், ஏற்கெனவே நேர்முக வகுப்பில் ஓர் ஆசிரியர் பயிற்சியை முடித்தவர்களுக்கும் மட்டுமே உரியது. புதிதாகப் பட்டம் பெற்றவர் அதில் சேர முடியாது.

இனி, இந்தப் படிப்பின் உயிர்நிலையான பள்ளிப் பயிற்சி. விதிமுறை மொத்தம் 20 வாரங்களைப் பள்ளிக்கு ஒதுக்குகிறது: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. ஓராண்டு பி.எட். காலத்தில் படித்த மாமாவோ அத்தையோ நாற்பது நாள் போய்வந்த நினைவில் "அதெல்லாம் சும்மா" என்று சொல்வதைக் கேட்டு, மாணவர்கள் இதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தக்காரர் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியைத் தேடிப் பிடிப்பது இதன் முதல் படி. அங்கே கையெழுத்து எளிதாகக் கிடைக்கும். ஆனால் வகுப்பில் நாம் செய்வதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டாதே, கேள்வி கேட்டுவிட்டு நீயே பதில் சொல்லாதே என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழிகாட்டி ஆசிரியர் கிடைக்கமாட்டார். என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் கூடுதலானாலும் நல்ல பாட ஆசிரியர் ஒருவர் இருக்கும் அரசுப் பள்ளியைக் கேட்டு வாங்குவது இரண்டாண்டுக் கட்டணத்துக்கும் ஈடான லாபம்.

பாடக்குறிப்பை மூத்த மாணவரின் ரெக்கார்டிலிருந்து பார்த்து எழுதுவது, அல்லது காசு கொடுத்து எழுதச் சொல்வது அடுத்த தவறு. நேர்மை பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்க, இதனால் வரும் நடைமுறைச் சேதம் பெரிது. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர், அடுக்கி வைத்த ரெக்கார்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்து, "இந்த வகுப்பில் தூண்டல்களை மாற்றும் திறனை (குரலையும் சைகையையும் மாற்றிப் பிள்ளைகளின் கவனத்தைத் தக்கவைப்பதை) எங்கே பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டால், எழுதியவருக்கு மட்டுமே பதில் தெரியும். அதோடு, எந்த ஊருக்கோ எழுதப்பட்ட குறிப்பு நம் வகுப்புக்குப் பொருந்துவதில்லை. ஏழாம் வகுப்பில் விகிதமும் பின்னமும் நடத்தும் பயிற்சி மாணவி, பாடநூலில் உள்ள எடுத்துக்காட்டுகளோடு, நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று அந்தப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் அன்றாடம் கேட்கும் நில அளவைக் கணக்கையும் எடுத்துக்கொண்டால், அப்பா குத்தகைக்கு எடுத்த ஏழு மா, ஒரு வேலியில் எத்தனை பங்கு என்ற வினாவுக்கு வகுப்பில் பாதிக் கைகள் உயரும். சமூக அறிவியலில் பாசனம் வரும்போது ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பதிலிருந்து தங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை கல்லணை வழியே பாதையை வரையச் சொல்வது, விலை கொடுத்து வாங்கிய வண்ண அட்டையைவிட மேலான துணைக்கருவி. நுண்ணிலைக் கற்பித்தலில் சக மாணவர்களையே பிள்ளைகளாக நினைத்து ஐந்தாறு நிமிடம் நடத்தும் பயிற்சியைச் சிரித்துக் கழித்தவர்களுக்கு, உண்மையான வகுப்பின் முதல் வாரம் கடினமாகவே இருக்கும்.

காவிரிப் படுகைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பயிற்சிக் காலம் வடகிழக்குப் பருவமழையைத் தொட்டுவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் மழை விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். முன்னால் காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் நாட்களைத் தின்றிருக்கும். நடத்த வேண்டிய பாடங்களையும், மாணவர் ஆய்வு, சாதனைத் தேர்வு போன்ற பணிகளையும் கடைசி மூன்று வாரங்களுக்குத் தள்ளிவைத்தவர்கள் அப்போது இல்லாத வகுப்புகளை நடத்தியதாக எழுதும் நிலைக்குப் போகிறார்கள். புரட்டாசி முடிவதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிடுவது என்ற கணக்கே இங்கே பாதுகாப்பானது.

தகுதித் தேர்வை, அதாவது டெட் தேர்வை, பி.எட். முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது மற்றொரு பெருந்தவறு. குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை நடத்த வேண்டும் என்பது விதி என்றாலும், தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கி 2013, 2017, 2019, 2022, 2025 என்று இடைவெளி விட்டே அறிவிக்கைகள் வந்திருக்கின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குரிய இரண்டாம் தாளில் 150 வினாக்கள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். தமிழ், ஆங்கிலப் பட்டதாரிகள் தங்கள் மொழியில் முப்பதுக்கு முப்பது வாங்கினாலும், அறுபது மதிப்பெண்ணுக்குரிய சமூக அறிவியலைப் பள்ளிப் பாடநூல்களிலிருந்து முறையாகப் படிக்காவிட்டால் தேற முடியாது. கணிதப் பட்டதாரிகள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறு. தம் பாடத்தை மட்டும் மெருகேற்றிக்கொண்டு மொழியையும் உளவியலையும் விட்டுவிடுகிறார்கள். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த ராமானுஜன் பிறகு எப்படியோ உலகப் புகழ் பெற்றார். நமக்கு அப்படியொரு விதிவிலக்கை எதிர்பார்க்க முடியாது.

இத்தேர்வு அரசுப் பள்ளிக்கு மட்டுமே, உதவி பெறும் பள்ளியில் தெரிந்தவர் இருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கும் இப்போது இடமில்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலை கிடைத்த தலைமுறையினரின் அறிவுரையை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம், பின்பற்ற முடியாது. டெட் தேறினாலும் பணி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்விலோ முதன்மைப் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என்று 150 மதிப்பெண். அதற்கு முன்னால் தமிழ் மொழித் தகுதித் தாளில் 50க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. பி.எட். பாடநூல்களை முதலாண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய புத்தகக் கடைக்குப் போடுபவர்கள் அந்த முப்பது மதிப்பெண்ணையும் சேர்த்தே போடுகிறார்கள்.

கடைசியாக ஒரு காகிதம் பற்றி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. அதன் பிறகு, கல்லூரியில் மட்டும் தமிழ்வழியில் படித்திருப்பது போதாது, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியாக இருந்திருக்க வேண்டும். பி.எட்.டும் தகுதியாகக் கேட்கப்படும் பணியிடத்துக்கு அதையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, பி.எட். சேர்க்கைப் படிவத்தில் கௌரவத்துக்காக ஆங்கிலவழி என்று குறிப்பவர்கள் இந்த உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கிறார்கள். சான்றிதழையும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் இருக்கும் கல்வித்துறை அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வாரம் அவகாசம் இருக்கும்போது இந்த அலைச்சலைத் தொடங்குவதைவிட, பி.எட். முதலாண்டின் கோடை விடுமுறையிலேயே எல்லாவற்றையும் வாங்கி, பெயரும் முதலெழுத்தும் படித்த ஆண்டுகளும் மாற்றுச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது.