பார்க்க ஒன்று, எண் வேறு: சீன ராடிக்கல் குறிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய பிடிஎஃப் ஒன்றிலிருந்து 'நிஹோன்' (ஜப்பான்) என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டுகிறீர்கள். திரையில் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே சொல்லை விசைப்பலகையில் அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எழுத்துருவைத் திட்டுவதுதான் முதல் தவறு. அந்தச் சொல்லின் முதல் எழுத்து சூரியன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் தரநிலையான யூனிகோடில் அதன் எண், பத்தடிமானத்தில் சொன்னால், 26085. ஒட்டியதைப் பிரித்துப் பார்த்தால் 12103 இருக்கும். அது எழுத்தே இல்லை, சூரியன் என்ற ராடிக்கலுக்கான, அதாவது அகராதித் தலைப்புக்கான, குறி.

நமக்கு இது பழகிய தொல்லைதான். 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, தேடலில் மாட்டாது.

ராடிக்கல் என்பது சீன அகராதியில் எழுத்துகளை வகைப்படுத்தும் தலைப்பு. 1716இல் முடிந்த காங்ஷி அகராதி அப்படி 214 தலைப்புகளை வைத்தது. 1999இல் வந்த யூனிகோடு 3.0 அவற்றுக்கு 12032 முதல் 12245 வரை தனி இடம் கொடுத்தது. 12031உடன் ராடிக்கலின் வரிசை எண்ணைக் கூட்டினால் போதும்: 75ஆவது மரம், எனவே 12106. மரம் என்று எழுத வேண்டுமானால் அதற்கு 26408 இருக்கிறது. முன்னது அகராதியின் பொருளடக்கத்துக்கு, பின்னது வாக்கியத்துக்கு.

தமிழ் பழகியவர்கள் விழும் பள்ளம் இன்னொன்று. நாம் 'கி'யை ககரம், இகரக் குறி என்று இரண்டு எண்ணாகச் சேமிக்கிறோம். அதே நினைப்பில், நதி என்ற சீன எழுத்தின் இடப்பக்கம் உள்ள மூன்று நீர்த்துளிகளும் உள்ளே தனியாக இருக்கும் என்று நிரல் எழுதக்கூடாது. நதிக்கு ஒரே எண், 27827. அதைப் பிளந்தால் தண்ணீர் வராது. ராடிக்கல் தெரிய வேண்டுமா, சீன எழுத்துகளின் விவரங்களை வைத்திருக்கும் யூனிகோடின் யூனிஹான் தரவுத்தளத்தைக் கேளுங்கள், '85.5' என்று சொல்லும், அதாவது 85ஆவது ராடிக்கல், மீதி 5 கோடுகள். அந்தத் தண்ணீரின் இரண்டு வடிவங்களுக்கே நான்கு எண்கள் உண்டு: முழு வடிவத்துக்கு எழுத்தாக 27700, ராடிக்கலாக 12116, மூன்று துளிக்கு எழுத்தாக 27701, ராடிக்கலாக 11937.

சரி, ஒத்த குறிகளை ஒரே எண்ணுக்குக் கொண்டுவரும் யூனிகோடின் என்எஃப்கேசி (NFKC) இயல்பாக்கம் போட்டால் எல்லாம் நேராகிவிடுமே என்பார்கள். பாதி உண்மை. காங்ஷி 214ம் அதில் எழுத்தாக மாறிவிடும். ஆனால் 11904இல் தொடங்கும் ராடிக்கல் துணைத் தொகுதியில் 115 குறிகள் உள்ளன; அவற்றில் தாய், ஆமை என்ற இரண்டுக்கு மட்டுமே அந்த மாற்றம் உண்டு. ஏன் இந்த ஓரவஞ்சனையோ! நாகசாகியின் முதல் எழுத்து 'நீளம்'. அது பிடிஎஃப்பிலிருந்து 11985ஆக வந்தால் என்எஃப்கேசி தொடாமலே விட்டுவிடும். அதற்கு, 2018இல் யூனிகோடு 11 சேர்த்த 'இணையான எழுத்து' அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். அப்புறம், மூல உரையின் மேலேயே என்எஃப்கேசியை ஓட்டாதீர்கள். வட்டத்துக்குள் இருக்கும் 1 வெறும் 1 ஆகிவிடும். தேடலுக்கான நகலில் மட்டும் செய்யுங்கள்.

ரெகெக்ஸ் (உரையில் வடிவம் தேடும் கோவை) எழுதுபவர்களுக்கு: இந்தக் குறிகள் ஹான், அதாவது சீன, எழுத்துமுறையைச் சேர்ந்தவை, ஆனால் வகை 'எழுத்து' அல்ல, 'சின்னம்'. ஆகவே 'ஹானா' என்ற சோதனையில் தேறும் பெயர் 'எழுத்தா' என்ற சோதனையில் அடிபடும்.

பிடிஎஃப்பில் ஏன் இப்படி? எழுத்துருவில் சூரியனுக்கு வரைவடிவம் ஒன்றே, எண்கள் இரண்டு. கோப்பை உருவாக்கும் மென்பொருள் வடிவத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பிப் போகும்போது தவறானதை எடுத்துவிடுகிறது. அச்சில் இது தெரியவே தெரியாது. அதனால் கோப்பை வெளியிடும் முன் ஒரு பத்தியை நகலெடுத்து எண்களைப் பாருங்கள். சாதாரண உரையில் 11904க்கும் 12245க்கும் இடையே ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.