முட்டை ஓடு மெலிந்தது: தீவனத்தைத் தேடினேன், கோளாறு தண்ணீரில்

வேதாரண்யம் பக்கம் எங்கள் லேயர் (முட்டைக்கோழி) பண்ணை. கோடை தொடங்கியதும் தட்டில் உடைசல் கூடியது. ஓடு தாள் மாதிரி, விரல் பட்டாலே விரிசல். எச்சமும் நீராகவே விழுந்தது.

முதலில் கால்சியம். தீவனத்தில் 4 சதவீதம் சரியாகவே இருந்தது. இருந்தும் கிளிஞ்சலைக் கூட்டினோம், வைட்டமின் டி3 கொடுத்தோம், பலனில்லை. ஓட்டைக் கெடுக்கும் ஐ.பி. என்ற வைரஸ் நோய்ச் சந்தேகத்தில் ரத்தம் பரிசோதித்தோம், அதுவும் இல்லை.

கண்ணில் பட்டது நொண்டிக் கோழிகளைப் பிரித்துப் போட்ட ஓரக் கூண்டு. அதே தீவனம்தான், ஆனால் நிப்பிள் (கொத்தினால் நீர் சொட்டும் முனை) எட்டாததால் அவற்றுக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். முட்டை கல் மாதிரி! மற்றவை நிப்பிளில் குடித்த போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 2,600 பி.பி.எம். மேட்டூர் அணையை அடைத்து வாய்க்கால் வற்றினால் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறும். அந்த உப்பு, கருப்பையில் ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட்டைக் குறைக்கிறது. எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் இது சரியாகாது.

போரை நிறுத்திவிட்டுப் பண்ணைக்குட்டை நீரை வடிகட்டி, 1,000 லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு நிப்பிளுக்கு விட்டோம். தீவனத்தில் சேரும் கருவாட்டுத் தூளிலும் உப்பு உண்டு என்பதால் அதைக் கணக்கிட்டு, தீவன உப்பைக் குறைத்தோம். எச்சம் முதலில் இறுகியது, பிறகு உடைசல் குறைந்தது. வயதான தொகுதி மட்டும் முழுதாகத் தேறவில்லை; உப்பு நீர் பட்ட கோழிக்கு அந்தப் பாதிப்பு சிலசமயம் நிலைத்துவிடும், அப்படிப்பட்ட கோழியைக் கழித்துவிடுவதே லாபம்.