நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவது எப்படி

இரண்டு முடிவுகளைச் சொல்கிறேன், யார் ஜெயித்திருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். முதலாவது, 2017 ஆகஸ்ட், ஈரான் நாடாளுமன்றம். அதிபர் ரூஹானி எரிசக்தி அமைச்சராகப் பரிந்துரைத்த ஹபிபுல்லா பித்தராஃபுக்கு ஆதரவு 133, எதிர்ப்பு 132. இரண்டாவது, 2021 நவம்பர் 24, ஸ்வீடன். பிரதமர் பதவிக்கு மக்தலேனா ஆண்டர்சன், ஆதரவு 117, எதிர்ப்பு 174.

ஈரான்காரர் தோற்றார், ஸ்வீடன்காரர் ஜெயித்தார். அச்சுப்பிழை இல்லை.

ஈரானில் அன்று அவையில் இருந்தவர்கள் 288 பேர். அதில் பாதிக்கு மேல், அதாவது 145 பேர் கை கொடுத்தால்தான் அமைச்சர். 17 பேர் நடுநிலை, 6 வாக்கு செல்லாதவை. இந்த 23 பேரும் எதிர்க்கவில்லைதான், ஆனால் எதிர்த்தமாதிரியே ஆகிவிட்டது. ஸ்வீடனில் தலைகீழ். மொத்தம் 349 இடம், அதில் 175 பேர் 'வேண்டாம்' என்று சொல்லாத வரை பிரதமர் பிரதமர்தான். எதிர்த்தவர்கள் 174, ஒன்று குறைவு. அங்கே நடுநிலை வகித்த 57 பேர் ஆதரித்தமாதிரி ஆகிவிட்டார்கள்.

அதனால் தொலைக்காட்சியில் எண் ஓட ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளை எடுத்து மேலே நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: அவையில் மொத்த இடம் எத்தனை, காலி இடம் எத்தனை, இன்று வந்திருப்பவர்கள் எத்தனை பேர், ஜெயிக்கத் தேவையான எண் எது. நாலாவது எண் முதல் மூன்றில் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும், சில நாடுகளில் தீர்மானத்துக்குத் தீர்மானம் மாறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆதரவு எதிர்ப்பு எண்களைப் பார்ப்பது, எத்தனை ஓவர் ஆட்டம் என்று தெரியாமல் ஸ்கோர் பார்ப்பதுபோல.

யாருக்கு நம்பிக்கை?

இதுதான் அடுத்த கேள்வி. 'அமைச்சரவைக்கு நம்பிக்கை வாக்கு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் வாக்கு யார் தலைமேல் விழுகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஜெர்மனியில் நாடாளுமன்றம் சான்சலரை, அதாவது அரசின் தலைவரை மட்டும் தேர்ந்தெடுக்கும். அமைச்சர்கள் யார் என்பது அவர் பாடு. இத்தாலியில் அரசு பதவியேற்ற பத்து நாளுக்குள் மொத்தமாக இரண்டு அவைகளிலும் நம்பிக்கை பெற வேண்டும், ஒன்றில் ஜெயித்து இன்னொன்றில் தோற்றாலும் போச்சு. இராக்கில் பிரதமராக நியமிக்கப்பட்டவருக்கு அமைச்சரவையை அமைக்க 30 நாள், அப்புறம் ஒவ்வொரு அமைச்சருக்கும் தனித்தனியாகவும் அரசின் திட்டத்துக்குச் சேர்த்தும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஈரானிலும் ஆளுக்கொரு வாக்கு. இந்தியாவில் முன்கூட்டி வாக்கெடுப்பே கிடையாது: குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கூப்பிட்டுப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கிறார், பெரும்பான்மை சந்தேகமாக இருந்தால் அவைக்குப் போய் நிரூபிக்கச் சொல்கிறார். அதை ராஜ்பவன் வரவேற்பறையில் தலை எண்ணி முடிவு செய்யக்கூடாது, சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொன்னது 1994-இல் வந்த எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு.

ஆளுக்கொரு வாக்கு இருக்கும் நாடுகளில் செய்தியை வாசிக்க ஒரு தனிப் பழக்கம் வேண்டும். 'எல்லாரும் தேறினார்கள்' என்ற தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். 2024 ஆகஸ்ட் 21 அன்று ஈரான் அதிபர் பெசெஷ்கியானின் 19 அமைச்சர்களும் தேறினார்கள், 2001-க்குப் பிறகு முழுப் பட்டியலும் தேறியது அப்போதுதான். ஆனால் பாதுகாப்பு அமைச்சருக்கு 281, சுகாதார அமைச்சருக்கு 163. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள், ஒருவர் காலுக்குக் கீழே பாறை, இன்னொருவர் காலுக்குக் கீழே மணல். பட்டியலை வாக்கு எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக எழுதிப் பாருங்கள், அரசு எந்தத் துறையில் பலவீனமாக இருக்கிறது என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அன்று தேறியது நிரந்தரமும் இல்லை. அதே பட்டியலில் இருந்த பொருளாதார அமைச்சர் ஹெம்மத்தியை, ரியாலின் மதிப்பு சரிந்து விலைவாசி ஏறியதைக் காட்டி, 2025 மார்ச் 2 அன்று அதே நாடாளுமன்றம் தூக்கியது. வந்திருந்த 273 பேரில் 182 பேர் போகச் சொன்னார்கள்.

பட்டியல் போடும் கலை

அமைச்சரவை அமைப்பது பற்றி நிறையப் பேர் தகுதி, அனுபவம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. முதல் பட்டியல் என்பது கடன் அடைக்கும் பட்டியல், யாருடைய எத்தனை வாக்கால் பெரும்பான்மை வந்ததோ அவர்களுக்கு இலாகாவாகத் திருப்பிக் கொடுப்பது. அப்படிப் பார்த்தால்தான் பட்டியல் புரியும்.

முதலில் உச்சவரம்பு. இந்தியாவில் 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, பிரதமரையோ முதல்வரையோ சேர்த்து, அமைச்சர்கள் அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மக்களவையின் 543-க்குப் போட்டால் 81.45, ஆக 81 பேர். தமிழ்நாட்டின் 234-க்கு 35.1, ஆக 35 பேர். சின்ன மாநிலங்களுக்கு 12 வரை அனுமதி. இந்த வரம்பு வருவதற்கு முன் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 93 அமைச்சர்களை வைத்திருந்தார், ஆட்சியைத் தக்கவைக்க அத்தனை நாற்காலி தேவைப்பட்டது. இலங்கையில் அரசியலமைப்பே 30 அமைச்சர்கள் என்று எண் போட்டிருக்கிறது, ஆனால் 'தேசிய அரசு' என்று பெயர் வைத்துவிட்டால் எண்ணை நாடாளுமன்றமே கூட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

உச்சவரம்பைக் குறித்த பிறகு ஒவ்வொரு கூட்டணிக் கட்சிக்கும் நேராக இரண்டு எண் போடுங்கள்: எத்தனை உறுப்பினர் கொண்டுவந்தது, எத்தனை அமைச்சர் பெற்றது. விகிதம் எங்கே எகிறுகிறதோ அங்கேதான் பேரம் நடந்திருக்கிறது. பத்து பேரை வைத்துக்கொண்டு ஒரு கட்சி நிதித்துறையை வாங்கியிருந்தால், அந்தப் பத்து பேர் இல்லாமல் ஆட்சி இல்லை என்று அர்த்தம். முதல்வரோ பிரதமரோ உள்துறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாரா என்பதையும் பாருங்கள். முதல் நாளே நிரப்பாமல் விட்ட இடங்களையும் எண்ணுங்கள். அவை வாக்கெடுப்பு வரை தொங்கவிடப்படும் கேரட்டுகள்.

பட்டியலில் பெயரே வராத ஒரு கூட்டமும் உண்டு, 'வெளியிலிருந்து ஆதரவு' கொடுப்பவர்கள். 2004 முதல் மன்மோகன் சிங் அரசை இடதுசாரிகள் அப்படித்தான் தாங்கினார்கள். 2008 ஜூலையில், அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து அவர்கள் விலகியதும் ஜூலை 22 அன்று வாக்கெடுப்பு, 275-க்கு 256 என்று அரசு தப்பியது. அன்றுதான் மக்களவை மேசைமேல் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கட்டுக்கட்டாகப் பணத்தைத் தூக்கிக் காட்டினார்கள். வெளியிலிருந்து ஆதரவு தருபவர்களுக்கு விட்டுப்போக ராஜினாமாகூட எழுத வேண்டியதில்லை, ஒரு கடிதம் போதும். அதனால் தாளில் அவர்களைத் தனி நிறத்தில் எழுதுங்கள்.

வாக்கெடுப்பு நாள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2017 பிப்ரவரி 18, தமிழ்நாடு சட்டமன்றம். எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரினார். ரகசிய வாக்கெடுப்பு கேட்டு அமளி, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அதன் பிறகு தலை எண்ணியதில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. பார்த்தால் 111 வித்தியாசத்தில் அமோக வெற்றி. இப்போது தாளைப் பாருங்கள்: மொத்தம் 234, பாதிக்கு மேல் என்றால் 118. அவை நிறைந்திருந்தாலும் 122 போதும், ஆனால் உண்மையான பலம் வெறும் நாலு பேர் கூடுதல். அந்த நாலு எவ்வளவு மெல்லியது என்பது ஏழே மாதத்தில் தெரிந்தது. அதே வருடம் செப்டம்பரில் தினகரன் பக்கம் போன 18 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் போனதில் ஆதரவு குறைந்தது, கூடவே மொத்த எண்ணும் 234-லிருந்து இறங்கியது, தேவையான எண்ணும் கூடவே இறங்கியது. அரசு விழவில்லை. ஆளைக் கூட்டித்தான் பெரும்பான்மை காட்ட வேண்டும் என்றில்லை, வகுக்கும் எண்ணைக் குறைத்தும் காட்டலாம்.

இதே உத்தி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2019 ஜூலை 23 அன்று கர்நாடகத்தில் குமாரசாமி 99-க்கு 105 என்று தோற்றார். 224 இடம் இருந்த அவையில் வாக்களித்தவர்கள் 204 பேர். மீதிப் பேரில் பெரும்பாலோர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு அவைப் பக்கமே வராத ஆளுங்கூட்டணிக்காரர்கள். கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலும், வராமல் இருந்தாலும் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும். அதிலிருந்து தப்பத்தான் முதலில் ராஜினாமா கடிதம்.

அதனால்தான் கொறடா உத்தரவு, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் உத்தரவு, பற்றிய செய்தியை வாக்கெடுப்புக்கு முந்தின நாளே தேடிப் படிக்க வேண்டும். யார் பெயரில் போனது, எத்தனை பேர் வாங்கினார்கள், கட்சி பிளந்திருந்தால் எந்தப் பிரிவின் கொறடா உண்மையான கொறடா. நீதிமன்றத்தில் இழுபடுவது பிறகு இதுதான்.

அடுத்து, எப்படி எண்ணினார்கள்? குரல் வாக்கெடுப்பில் முடிந்தது என்றால் என் தாளில் நான் எதுவும் எழுதுவதில்லை, யார் தொண்டை பெரிது என்று மட்டும்தான் அதில் தெரியும். 2018 நவம்பர் 14 அன்று இலங்கையில் மகிந்த ராஜபக்சவின் அரசுக்கு எதிரான தீர்மானம் குரல் வாக்கில் நிறைவேறியதாகச் சபாநாயகர் அறிவித்தார், ஜனாதிபதி ஏற்கவில்லை, இரண்டு நாள் கழித்து மறுபடி நடந்தபோது அவைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. பெயர் கூப்பிட்டோ, பொத்தான் அழுத்தியோ, எழுந்து நிற்கச் சொல்லியோ எண்ணினால்தான் அது எண்.

எண்ணினால் ஒன்றுகூடப் பெரிய விஷயம். 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் 269, எதிர்ப்பு 270. ஒடிசாவில் முதல்வராகிவிட்டும் மக்களவை இடத்தை இன்னும் விடாமல் இருந்த கிரிதர் கமாங் வந்து எதிர்த்து வாக்களித்தார். லண்டனில் 1979 மார்ச் 28 அன்று பிரதமர் காலகனின் அரசு 311-க்கு 310 என்று விழுந்தது, வாக்களிக்க வர முடியாமல் ஒரு ஆளுங்கட்சி உறுப்பினர் சாகக் கிடந்தார். 'காலி இடம்', 'வராதவர்' என்ற இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு அமைச்சரைக் குறிவைத்தால்

இந்தியாவில் அது முடியாது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு, விழுந்தால் எல்லாரும் சேர்ந்து விழ வேண்டும். ஒரு துறையைக் குத்த வேண்டுமென்றால் அந்தத் துறை செலவுக்குக் கேட்கும் பணத்தை, அதாவது மானியக் கோரிக்கையை, ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம், அதில் தோற்றால் அரசுக்கே ஆபத்து என்பதால் பெரும்பாலும் எண்ணிக்கை வலுவால் அமுக்கிவிடுவார்கள்.

இலங்கையில் தனி அமைச்சர்மேல் கொண்டுவரலாம், அடிக்கடி வரும், அடிக்கடி தோற்கும். 2021-இல் எரிபொருள் விலையேற்றத்துக்காக எரிசக்தி அமைச்சர் கம்மன்பிலமேல் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 61, எதிர்ப்பு 152. இங்கே தோல்வியை மட்டும் பார்க்காமல், ஆளுங்கட்சிக்குள் முணுமுணுத்தவர்கள் அன்று அமைச்சருக்காகக் கை தூக்க வேண்டி வந்ததா என்று பெயர்ப்பட்டியலில் தேடுங்கள். எதிர்க்கட்சி பல சமயம் எதிர்பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

பிரதமர் 'அவர் போனால் நானும் போவேன்' என்று சொல்லிவிட்டால் தனி அமைச்சர்மேல் வந்த தீர்மானம் முழு அரசுமேல் வந்ததாக மாறிவிடும். 2022 ஜூனில் ஸ்வீடன் நீதி அமைச்சர் மோர்கன் யொஹான்சன் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவரைத் தூக்க 175 வேண்டும், கிடைத்தது 174. எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு உறுப்பினர் நடுநிலை வகித்ததில் அரசு பிழைத்தது.

ஜெர்மனி, ஸ்பெயின் பக்கம் போனால் தாளில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: 'மாற்று யார்?' அங்கே இருப்பவரை இறக்க வேண்டுமென்றால் அடுத்தவர் பெயரோடு வர வேண்டும். 1982 அக்டோபர் 1 அன்று ஜெர்மனியில் சான்சலர் ஷ்மிட்டை இறக்கிய அதே வாக்கில் கோல் சான்சலரானார், 256 வாக்கு, தேவை 249. அதற்குப் பத்து வருடம் முன்பு பார்ஸல் என்பவர் முயன்று 247-இல் நின்றார். இரண்டு வாக்கு குறைவு. பின்னால் வெளிவந்தது, கிழக்கு ஜெர்மனி உளவுத்துறை உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்திருந்தது.

தோற்ற பிறகு

உடனே நாற்காலி காலியாகிவிடாது. பெரும்பாலும் அதே ஆட்கள் காபந்து அரசாக உட்கார்ந்திருப்பார்கள், பெரிய கொள்கை முடிவு எடுக்கக்கூடாது என்ற மரபோடு. பெல்ஜியம் 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் அப்படித்தான் ஓட்டியது. ஈரானில் ஒரு அமைச்சர் தேறவில்லையென்றால் அந்தத் துறைக்கு மூன்று மாதம் வரை பொறுப்பு அமைச்சரை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் புதுப் பெயர் வர வேண்டும். அமைச்சரவையில் பாதிப் பேர் மாறிவிட்டால் மொத்த அமைச்சரவையும் மறுபடி நம்பிக்கை வாங்க வேண்டும், அதனால் அங்கே எத்தனை பேர் மாறினார்கள் என்றும் ஒரு ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஆரம்பத்தில் சொன்ன ஆண்டர்சன் ஜெயித்த அன்றே பட்ஜெட்டில் தோற்றார், கூட்டணியிலிருந்த பசுமைக் கட்சி வெளியேறியது, சில மணி நேரத்திலேயே ராஜினாமா செய்தார். ஐந்து நாள் கழித்து மறுபடி வாக்கெடுப்பு: ஆதரவு 101, எதிர்ப்பு 173, நடுநிலை 75. முதல் தடவையைவிட 16 ஆதரவு குறைவு. தாளில் போட்டுப் பாருங்கள். நவம்பர் 30 அன்று அவர் பதவியேற்றார்.