கம்பெனி வசதிக்கு நாள் குறிக்காதீர்கள்

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பள்ளிகளுக்கு மரக்கன்றோடு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்தில் ஜூனில் நட்ட கன்று பிழைப்பது கடினம். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வந்து சேர்வது காற்றுதான். ஆடி முடியும்வரை அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இந்த ஊர்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கம்பெனிக்காரர்களே, நடவை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஜூனில் என்ன செய்வது? வேப்பம்பழம் உதிர்கிற காலம் அது. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும் என்பதால் பொறுக்கிய கையோடு விதைக்க வேண்டும். பிள்ளைகளே பொறுக்கி, பையில் மண் நிரப்பி, நாற்று வளர்க்கட்டும். தாங்கள் வளர்த்த கன்றுக்கு அவர்கள் தாங்களாகவே தண்ணீர் ஊற்றுவார்கள்.

இடத்திலும் தவறு நடக்கிறது. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா கிடக்கிற நிலம், ஆயிரம் கன்று வைக்கலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. அது சும்மா கிடக்கவில்லை. கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு மேய்ந்து வளர்கிற நிலம் அது. வானம்பாடியும் கௌதாரியும் தரையில் முட்டையிடுவது இதுபோன்ற புல்வெளியில்தான். நெருக்கமாக மரம் வைத்தால் நிழல் விழுந்து புல் போய்விடும். பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லித்தர வந்தவர்கள் அந்த நிலத்தை அவர்களுக்குக் காட்டினாலே போதும். கூட்டிப்போய் விளக்க அங்கே மாடு வளர்க்கும் ஒரு விவசாயியைக் கேளுங்கள். நம்மைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

அப்புறம் மார்ச் மாத அவசரம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்கப் பள்ளியைத் தேடி ஓடும்போது, அங்கே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். தொடர் திட்டமாக முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுவிட்டால், மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடச் சட்டமே இடம் தருகிறது. கணக்குப் பிரிவிடம் இதைப் பேசி வையுங்கள். பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்து, வருடம் முழுவதற்கும் நாட்களை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

பை, நோட்டு, வண்ணப் பென்சில் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அரசுப் பள்ளியில் இவையெல்லாம் அரசே தருகிறது. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வெளியிடாதீர்கள். வாங்குகிற கையோடு நிறுத்திவைத்துப் படமெடுப்பது சம்மதம் இருந்தாலும் வேண்டாம். விருந்தினர் வரும்வரை வெயிலில் உட்காரவைப்பதும் கூடாது.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பிள்ளைகளிடம் பனிக்கரடியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். நொய்யல் ஆறு என்ன நிறத்தில் ஓடியது என்பது அவர்கள் வீட்டிலேயே தெரியும். அப்பா அம்மா பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ வேலை பார்ப்பவர்கள். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதையும், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் பொறியாளர் உங்களிடமே இருந்தால், மேலாளருக்குப் பதில் அவரைப் பேச அனுப்புங்கள். கலங்கிய நீர் எப்படித் தெளிகிறது, மிஞ்சும் உப்பும் சேறும் எங்கே போகின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் அதே வகுப்புக்குப் பதிலோடு போக வேண்டும்.

வெளியே கூட்டிப்போவதானால் திருப்பூரை ஒட்டியே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். கார்த்திகை முதல் தை வரை வலசைப் பறவைகள் வரும். வனத்துறையிடம் முன்னதாகவே அனுமதி வாங்குங்கள். ஒரு வகுப்பு போதும், மொத்தப் பள்ளியும் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டாம், பேனர் வேண்டாம். இரண்டு மூன்று பைனாகுலரும் ஆளுக்கொரு நோட்டும் இருந்தால் காலை முழுவதும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.