நாட்டின் பெயரை உயர்த்தும் சுற்றுலா விளம்பரம்: இராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து

2002இல் தொடங்கிய ‘இன்கிரெடிபிள் இந்தியா’ விளம்பரம் நாட்டுக்கு ஒரு பொது முகத்தைத் தந்தது. அதற்குள் இராமநாதபுரம் கடற்கரைக்கும் இடம்பிடிக்க விரும்புவோர், யாரை அழைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இராமேசுவரத்துக்கு யாத்திரிகர்கள் விளம்பரமின்றியே வருவார்கள். பறவை ஆர்வலர்களும் கடலுயிர் ஆர்வலர்களும் அப்படி வருவதில்லை என்பதால், பணத்தை அவர்களுக்காகவே செலவிடுவது நல்லது.

அடுத்து, மையமாக ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் அருகே, 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக மேலெழுவதை, பின்னணி இசை இல்லாமல் கடற்காற்றின் இரைச்சலோடு காட்டினாலே போதும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை வெறும் வெள்ளை மணற்பரப்பாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இடிந்த தேவாலயச் சுவரும், அதனருகே சங்கும் பாசிமணியும் விற்போரும் (அவர்களுடைய ஒப்புதலோடுதான்) படத்தில் இருக்கட்டும்.

பயணி சென்று பார்க்கக்கூடியதை மட்டுமே வாக்களியுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்க இயலாது. ஆகவே, காரங்காட்டு அலையாத்திக் காட்டில் நடைபெறும் படகுச் சவாரியை முன்னிறுத்துங்கள். பூநாரைக் கூட்டத்தைக் காட்டினால், அவை குளிர்கால விருந்தாளிகள் என்பதையும் அதே படத்தில் எழுதுங்கள். விளம்பரம் வெளியாவதற்கு முன்பே, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலையோரக் குப்பையை அகற்றுவதும் கழிப்பறைகளைப் பராமரிப்பதும் யாருடைய பொறுப்பு என்பதை எழுத்துப்பூர்வமாக முடிவு செய்துவிடுங்கள்.