கீபேடில் ஹாட்கீ: எழுத்தை விட்டு இடத்தைப் பிடியுங்கள்

ஸ்ட்ராட்டஜி கேமுக்காக கேமிங் கீபேட் (ஒரு கைக்கு மட்டுமான சின்ன கீபோர்டு) வாங்கியிருந்தால், முதலில் கேம் செட்டிங்ஸில் ஹாட்கீயை (கட்டளைக்கான குறுக்குவழி கீயை) 'கிரிட்' முறைக்கு, அதாவது திரையில் பட்டன் இருக்கும் இடத்தை வைத்து கீ அமையும் முறைக்கு, மாற்றுங்கள். அப்புறம் சாதாரண கீபோர்டில் க்யூ, ஏ, இசட்டில் தொடங்கும் மூன்று வரிசைகளையும், வரிசைக்கு ஐந்து எழுத்தாக, அப்படியே கீபேடில் இறக்குங்கள். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் கட்டளைப் பட்டன்களும் மூன்றுக்கு ஐந்துதான், அதனால் பட்டன் எங்கே தெரிகிறதோ அங்கேதான் விரல் போகும், எந்த யூனிட்டுக்கு எந்த எழுத்து என்று மனப்பாடம் செய்கிற வேலையே இல்லை. கட்டைவிரலுக்கு கன்ட்ரோலும் ஷிஃப்டும் போதும் (ஒரே அழுத்தில் பல கீகளை இயக்கும் மேக்ரோவெல்லாம் பிறகு பார்க்கலாம்). கிரிட் வசதியும் கீயை மாற்றும் வசதியும் இல்லாத பழைய கேம்களுக்கு இது உதவாது. பழைய எழுத்துகளே கைக்குப் பழகிவிட்டதா? சரி, மாற்றவே வேண்டாம்.