தோல் பெல்ட்டில் தங்கிய தோட்டாக்கள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் வேட்டை; காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை. மூன்று நாளும் ஒரே தொல்லை. முதல் இரண்டு தோட்டாவும் சரியாக வெடிக்கும். மறுபடி போட்டால் முழுசாக உள்ளே இறங்காது. இரட்டைக்குழல் துப்பாக்கியை மூட முடியாது. அதற்குள் ஃபெசன்ட் சேவல் சோளக்காட்டைத் தாண்டியிருக்கும்.

குழலைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எண்ணெயை மாற்றினேன். பலனில்லை. குழல் தேய்ந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன்: முதல் இரண்டையும் வண்டியிலேயே புதுப் பெட்டியிலிருந்து போடுகிறேன். அடுத்தவை இடுப்புத் தோல் பெல்ட்டிலிருந்து வருபவை, போன வருஷம் செருகியவை. ஒன்றை உருவிப் பார்த்தால், தோல் வளையம் பட்ட இடத்தில் தோட்டாவின் பித்தளை அடிப்பகுதியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, மெழுகு மாதிரி. பதனிட்ட தோலில் இருக்கும் அமிலம் பித்தளையை அரிக்கும்.

அவற்றை ஒதுக்கிவிட்டு, புதுத் தோட்டாக்களைத் துணி வெஸ்ட்டின் வலது பையில் பித்தளை கீழே இருக்கும்படி போட்டேன். சுட்டு முடித்த வெற்றுக்கூடு இடது பைக்கு. வாய் விரிந்துவிடுவதால் வெற்றுக்கூடு புதுத் தோட்டாவைவிட நீளம். கையுறையோடு தடவினாலே தெரியும். நாலாம் நாள் ஒரு தோட்டாகூடக் குழலில் சிக்கவில்லை. தோல் பெல்ட்டை இப்போதும் கட்டுகிறேன், ஆனால் சாயங்காலமே காலி செய்துவிடுகிறேன்.